ஊறப்போடாத குழி

குழி வெட்டுகிறவர் அலுவலகத்துக்குள் வந்தபோது முழங்கால்வரை கறுப்பாக இருந்தார். சேறு கால்சட்டையில் ஒட்டிப் பாதி காய்ந்து, நடக்க நடக்க உதிர்ந்தது. கையில் ஒரு வாளி, வாளியில் கட்டிய கயிறு. அதை வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்ன காவலாளியிடம், "இது இல்லாம சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நேராக நிலப் பிரிவுக்கு வந்து, மண்காரரின் மேசைக்கு முன்னால் வாளியைத் தரையில் வைத்தார்.

மண்காரர் என்பது அலுவலகம் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக நகரசபைக்கு மண் பார்த்துச் சொல்கிறவர். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதில் பள்ளிக்கூடம், எதில் குப்பைமேடு, எதை மாடு மேய விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நிலத்தின் தலையெழுத்து அதோடு முடிந்தது. ஊர்க்கோடியில் இருந்த கரிசல் நிலம் புதிய இடுகாட்டுக்குப் பொருத்தமானது என்று எழுதியதும் அவர்தான். எழுதி ஏழு மாதம் ஆகிறது.

"நாப்பத்தாறு வாளி சார்," என்றார் குழி வெட்டுகிறவர். "எண்ணிக்கிட்டே அள்ளினேன். நேத்து ஒரு பெரியவர் அடக்கம். காலையில குழி வெட்டி முடிச்சுட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா முக்காக் குழி தண்ணி. அள்ள அள்ள ஊறுது. அதுக்குள்ள பெட்டியோட வந்து நின்னுட்டாங்க. நான் அள்ளுறேன், அவங்க பார்க்கிறாங்க. எத்தனை நேரம்தான் அள்ளுறது? வேற வழியில்லாம இறக்கினோம்."

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டார்.

"பெட்டி மிதந்துச்சு சார். நான் உள்ள இறங்கி அது மேல ஏறி நின்னேன். நான் நிக்க நிக்கத்தான் மண்ணு தள்ளுனாங்க. அவரோட பேரப்பிள்ளைங்கல்லாம் கரையில நின்னு பார்த்துச்சு. முப்பது வருஷமா இந்த வேலை செய்யுறேன், ஒருத்தர் மேல ஏறி நின்னது இதுதான் முதல் தடவை."

மண்காரர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். உள்ளறையிலிருந்து அதிகாரி வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மழைக்காலத்துல குழியில தண்ணி வராம பாலா வரும்?" என்றார். "ஊரே மிதக்குது. என் வீட்டுல செப்டிக் டேங்க் ரொம்பிப் போச்சு. அதுக்கு யார்கிட்ட வாளியோட போறது நான்?"

"பழைய இடத்துலயும் மழை பேஞ்சுது சார். அங்க குழி காய்ஞ்சு கிடக்கும்."

"சரி, நீ போ. நாங்க பார்த்துக்கிறோம்."

குழி வெட்டுகிறவர் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மண்காரரும் அவர் பின்னாலேயே வாசல்வரை போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. படியில் நின்று குழி வெட்டுகிறவர் குரலைத் தாழ்த்தி, "நாலாவது வரிசைப் பக்கம் நான் போகல சார். போய்ப் பார்க்கல," என்றார்.

நாலாவது வரிசையில்தான் மண்காரரின் மனைவி இருக்கிறாள். நாலு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் குழி வெட்டியதும் இதே ஆள்தான். பார்க்கவில்லை என்று அவர் சொன்னது ஒரு தயவு.

மண்ணைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இந்தக் கதை நகராது, பொறுத்துக்கொள்ளுங்கள். மணல் கைக்குள்ளும் நிற்காது, தண்ணீரையும் நிறுத்தாது. பயிருக்கு உதவாத மண், ஆனால் மேடாக இருந்தால் இறந்தவர்களைப் படுக்கவைக்க அதைப்போல ஒன்று கிடையாது. சரளை கலந்த செம்மண் பரவாயில்லை ரகம், வீட்டுக்கும் வரும், தோட்டத்துக்கும் வரும். களி மிகுந்த கரிசல்தான் பிடிவாதக்காரன். பருத்தி போட்டால் அள்ளிக் கொடுக்கும். குளம் வெட்டினால் சொட்டுக் கசியவிடாது. ஆனால் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும், அதன்மேல் கட்டிய சுவரைச் சும்மா விடாது. கோடையில் அதில் விழுகிற வெடிப்புக்குள் முழங்கைவரை கையை விடலாம்.

இடுகாட்டுக்கு மண் பார்க்கிற விதம் இதுதான். முழங்கால் ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, அரை மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளப்பார்கள். ஆனால் அளப்பதற்கு முதல் நாளே குழி நிறையத் தண்ணீர் விட்டு, குறையக் குறைய ஊற்றி, ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். களிமண் ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்ட பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அடுத்தடுத்து இரண்டு தடவை ஊற்றிய தண்ணீரும் பத்து நிமிடத்துக்குள் காணாமல் போனால் அது மணல்பாங்கான நிலம், ஊறப்போட வேண்டியதில்லை, அன்றைக்கே அளந்து எழுதிக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது.

அந்தக் கோடையில் மண்காரர் கரிசலில் நாலு குழி வெட்டினார். நாலிலும் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினார். ஏழு நிமிடம், எட்டு நிமிடம், மிஞ்சிப் போனால் ஒன்பது. தண்ணீர் மடமடவென்று இறங்கியது. மண் குடிக்கவில்லை, வெடிப்பு வழியாக ஓடிப்போனது. இது அவருக்குத் தெரியும். ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிப் பார்த்தார், இரண்டு அங்குலத்துக்கு நாடாபோல நீண்டு தொங்கியது. மணலாக இருந்தால் உதிர்ந்திருக்கும். கை பச்சையாகச் சொல்லிவிட்டது, இது களி என்று. ஊறப்போட்டுவிட்டு நாளை வரலாம் என்று மூன்றாவது தடவை ஊற்றத் தொடங்கியபோது போன் அடித்தது.

மகள்தான். "அப்பா, அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. உதடெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. சீக்கிரம் வாங்கப்பா."

வாளியைப் போட்டது போட்டபடி ஓடினார். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆஸ்பத்திரிதான். இரண்டாவது வாரம் அதிகாரி போன் செய்தார். நாளைக்குக் கூட்டம், இடுகாட்டு அறிக்கை எங்கே, பழைய இடத்தில் ஒரு ஆளுக்குக்கூட இடமில்லை, ஊரில் இருந்த ஒரே மணல் மேட்டைக் கடை கட்டக் கொடுத்தாயிற்று, இருப்பது அந்தக் கரிசல் ஒன்றுதான் என்றார். மண்காரர் ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கள நோட்டைப் பிரித்து, ஏழு, எட்டு, ஒன்பது என்பதைப் பார்த்து எழுதினார். 'பத்து நிமிடத்துக்குள் வடிந்துவிடுவதால் ஊறப்போடத் தேவையில்லை. நிலம் பொருத்தமானது.' மணலுக்கு இருந்த விலக்கைத் தூக்கிக் களிமண்ணுக்குக் கொடுத்துவிட்டார். ஊரில் வேறு யாராக இருந்தாலும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. அதைச் செய்ய அந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

எழுத அவரிடம் பேனா இல்லை. நர்ஸிடம் போய்க் கேட்டு வாங்கி வந்து கொடுத்தது மகள்.

மனைவிக்கு நெஞ்சுச் சளி பழைய வியாதி. ஈரம் அறவே ஆகாது. அவர்கள் குடியிருந்ததோ கீழ்த்தளம், படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். மழை வந்தால் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது. அவள் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, நடுவில் பழைய செய்தித்தாளைத் தொங்கவிட்டிருப்பாள். "ஊரு மண்ணுக்கெல்லாம் ஜாதகம் எழுதுறீங்க, எனக்கு ஒரு காய்ஞ்ச சுவரு பார்த்துத் தர உங்களால முடியல," என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், சிரித்துக்கொண்டே சொல்வாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு ஒருநாள், "கடைசிக்காவது ஒரு காய்ஞ்ச எடமாப் பார்த்து வையுங்க," என்றாள். அதற்கும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம்தான் இருந்தாள். அடக்கத்தன்று இன்னும் மழை தொடங்கவில்லை. வெட்டிப் போட்டிருந்த மண் கட்டி கட்டியாகக் கல்போலக் கிடந்தது, மிதித்தால் தூசி பறந்தது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மாவுக்கு ஈரம் ஆகாதுப்பா," என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். இருபத்து நாலு வயதுப் பெண், ஒரு தையல் கூடத்தில் முப்பது பேரை மேய்க்கிறவள், குழந்தைபோல அதையே சொன்னாள். அவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கித் தூளாக்கிக் காட்டினார்.

"பாரும்மா. இது அப்பா பார்த்த எடம். இங்க தண்ணி நிக்காது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைக்கு அழுகையை நிறுத்தினாள். அதைச் சொன்னபோது அவருக்கு உண்மை தெரியாதா என்றால், தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் வேண்டுமானாலும் சாப்பிடலாம், தூங்கலாம், அலுவலகம் போகலாம். மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும்.

மழை வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் அடுப்படியில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து, ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்த இலையை எடுத்து மேசையில் வைத்தாள். அம்மாவின் தலைமாட்டில் அவள் நட்ட செடியின் இலை. வாராவாரம் விடுமுறை நாளில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

"போன வாரமே பறிச்சுட்டு வந்தேன், உங்ககிட்டக் காட்ட மறந்துட்டேன். எல்லா இலையும் இப்படித்தான் மஞ்சளாகுதுப்பா. என்ன கேடு இதுக்கு? உரம் போடணுமா?"

அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். நரம்பு முதற்கொண்டு மஞ்சள். வேர் மூச்சுவிட முடியாமல் தண்ணீருக்குள் நின்றால் இலை இப்படித்தான் ஆகும். மண் பார்க்க வந்த முதல் வருடமே படித்த பாடம்.

"உரம் வேண்டாம்."

"தண்ணி பத்தலையோ? மழைதான் பேயுதே."

"தண்ணி ஊத்தாத."

"நீங்க சொன்னாச் சரி," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அவள் அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டது அவருக்குத் தாங்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அதிகாரி ஒரு கடிதத்தை டைப் செய்து தயாராக வைத்திருந்தார். வழக்கத்துக்கு மீறிய மழையால் தற்காலிகமாக நீர் தேங்கியுள்ளது, மண்ணின் தன்மையில் குறைபாடு இல்லை, இப்படிக்கு என்று போட்டு மண்காரரின் பெயருக்கு நேராகப் புள்ளிக்கோடு.

"ஒரு கையெழுத்து. அதோட விஷயம் முடிஞ்சுது."

"நாளைக்கு ஒரு நாள் கொடுங்க," என்றார் மண்காரர். "மறுபடி அளந்து பார்த்துட்டு எழுதுறேன்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. மண்காரரின் மனைவி அடக்கத்தன்று வந்து கடைசிவரை நின்றவர்.

"அளந்து? தண்ணி இறங்கலன்னு வந்தா என்ன பண்ணுவீங்க? உங்க கையெழுத்துக்கு எதிரா நீங்களே கையெழுத்துப் போடுவீங்களா? ரெண்டு வருஷத்துல வீட்டுக்குப் போகப்போற ஆளு. மணல் மேட்டுல கடைங்க தூண் எழும்பிடுச்சு. அதை இடிச்சுட்டு அங்க புதைக்கச் சொல்வாங்களா? ஒண்ணும் மாறப்போறதில்ல. மானம்தான் போகும்."

"ஒரு நாள் சார்."

"அங்க யாரு இருக்காங்கன்னு எனக்கும் தெரியும்," என்றார் அதிகாரி, குரல் இறங்கி. "அதனாலதான் சொல்றேன். தோண்டாதீங்க. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

மண்காரர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியும் சின்ன மண்கரண்டியும் ஸ்கேலும் தண்ணீர்க் கேனும் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார். உதவியாள் யாரையும் கூப்பிடவில்லை. மழை முந்தின ராத்திரிதான் ஓய்ந்திருந்தது. மண் மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு வெட்டுக்கும் காலால் தள்ளி உதிர்க்க வேண்டியிருந்தது. நாலாவது வரிசையிலிருந்து மூன்று தப்படி தள்ளி வெட்டினார். கோடையில் கையை விட்ட வெடிப்பு ஒன்றையும் காணவில்லை, எல்லாம் தையல் போட்டதுபோல மூடிக்கொண்டிருந்தது. நனைந்து ஊறிய மண்தான், இருந்தாலும் இந்தத் தடவை முறை தவறக்கூடாது என்று குழி நிறையத் தண்ணீர் விட்டார். சாயங்காலம்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுபடி ஊற்ற வேண்டிய தேவையே வரவில்லை. மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. குழி வெட்டுகிறவர் செய்ததையே அவரும் செய்தார்.

மறுநாள் விடுமுறை. காலையில் அவர் கள நோட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது மகளும் கிளம்பி வந்தாள்.

"எங்க அளக்கப் போறீங்க?"

"இடுகாட்டுல."

"அப்ப நானும் வரேன். எப்படியும் இன்னைக்கு அங்க போகணும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. இருவரும் நடந்தே போனார்கள். வழியில் அவள் தையல் கூடத்துக் கதை ஏதோ சொன்னாள், சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்த புதுப்பெண்ணைப் பற்றி. அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

குழியில் தண்ணீர் நேற்று விட்ட அளவிலேயே நின்றது. அதைக் கோப்பையால் அள்ளிக் குறைத்து, ஆறு அங்குலம் நிற்கும்படி செய்து, ஸ்கேலை நிறுத்தினார். குனிந்து குனிந்து பார்க்க அவருக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை.

"குடுங்க, நான் பார்த்துச் சொல்றேன். நீங்க எழுதுங்க," என்று மகள் குழிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் அரை மணி போனது. "ஆறு," என்றாள். அவர் எழுதினார்.

இரண்டாவது அரை மணி. "ஆறுதான்பா."

மூன்றாவது தடவை அவள் முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். துணியில் கால் அங்குலத் தையலைக் கண்ணாலேயே அளக்கிறவள், தப்பு விடக்கூடாது என்று பார்த்தாள். "ஒரு நூல்கூட இறங்கல. அப்படியே நிக்குது." சொல்லிவிட்டு நிமிர்ந்து, "எவ்வளவு இறங்கணும்?" என்று கேட்டாள்.

"அரை மணிக்கு ஒரு அங்குலமாவது."

அவள் குழியைப் பார்த்தாள். பிறகு மூன்று தப்படி தள்ளி இருந்த அம்மாவின் இடத்தைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த மண்ணைப் பார்த்தாள், அதில் வித்தியாசம் ஏதாவது இருக்குமா என்று தேடுகிறவள்போல. அம்மாவின் காலடிப் பக்கம் மண் அமுங்கி, ஒரு தட்டளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. செடி ஈர்க்குச்சியாகி, நாலு மஞ்சள் இலையோடு நின்றது.

"அப்பா," என்றாள். "அப்ப அம்மா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கேட்டதற்கு அதுதான் பதில்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. "தண்ணி நிக்காதுன்னு சொன்னீங்களே. மண்ண நசுக்கிக் காட்டினீங்களே," என்றாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. கோடையில வெடிப்பு வழியா ஓடிடுச்சு. ஒரு ராத்திரி ஊறப்போட்டு அளந்திருக்கணும். போடல."

"ஏன் போடல?"

இந்தக் கேள்விக்கு அவர் இரண்டு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். "சோம்பேறித்தனம்தான். வெயில் கொளுத்துச்சு. மறுநாளும் யாரு வந்து அலையுறதுன்னு விட்டுட்டேன்."

மகள் கையை நீட்டினாள். கள நோட்டைத்தான் கேட்டாள். கொடுக்காமல் இருக்க முடியாது, அவர் கொடுத்தார். அவள் பின்னோக்கிப் புரட்டி, கோடை மாதத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். நாலு குழி, ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. அதற்குக் கீழே 'பிற்பகல் 3.10, வேலை நிறுத்தம்' என்று கிறுக்கலாக இருந்தது. எந்த நிலைமையிலும் நேரம் குறிக்காமல் களத்தை விட்டுப் போகக்கூடாது என்பது இருபத்தாறு வருடப் பழக்கம். போன் காதில் இருக்கும்போதே குறித்திருக்கிறார்.

அவள் தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதி அவர்கள் வீட்டில் யாருக்கு மறக்கும்?

"நான் போன் பண்ணினேன்ல, அன்னைக்கு," என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லம்மா. அதுக்கு முன்னாடியே நான் மூட்டை கட்டிட்டேன்."

"பேனாவும் நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"அதுக்கப்புறம் எத்தனை நாள் இருந்துச்சு எனக்கு. வந்து பார்த்திருக்கலாம். வரல. இது என் தப்பு, வேற யாரோடதும் இல்ல."

அவர் சொன்னது பொய்யும் இல்லை. வந்திருக்கலாம்தான். மகள் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தாள். அப்பா சொன்னதை நம்பினாளா என்று கேட்டால், நம்பவில்லை. நம்பியதாக அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மணி பாருங்க," என்றாள். "அரை மணி ஆயிடுச்சு."

"போதும்மா. தெரிஞ்சுபோச்சு."

"எத்தனை தடவை அளக்கணும் விதிப்படி?"

"எட்டு."

"எட்டும் அளந்துடலாம்."

எட்டுத் தடவையும் அவள்தான் பார்த்துச் சொன்னாள். ஆறு, ஆறு, ஆறு. ஒவ்வொரு தடவையும் அவர் எழுதினார். கடைசித் தடவை எழுதி முடித்த பிறகு, சட்டைப்பையிலிருந்து அதிகாரியின் கடிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில், தொடைமேல் வைத்து எழுதினார். நிலம் இடுகாட்டுக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் நீர் தேங்கும். முந்தைய சோதனையில் குழி ஊறப்போடப்படவில்லை. தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நேரமும் போட்டார்.

மகள் அதை வாங்கிப் படித்தாள். "இனிமே இங்க யாரையும் கொண்டுவர மாட்டாங்கல்ல?"

"இதக் குடுத்துட்டா முடியாது."

"அம்மாவ எடுத்து வேற எடத்துல வைக்கலாமா?"

"மழை முடியற வரைக்கும் யாரையும் எடுக்கக் கூடாது. தோண்டினா பக்கத்துல இருக்கிறதெல்லாம் சரிஞ்சுடும். அதுக்கப்புறமும்..." மணல் மேட்டில் எழும்பிய தூண்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. "அதுக்கப்புறம் எடம் தேடணும்."

"மழை முடிய இன்னும் எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்."

ரெண்டு மாசம் என்று அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் மழை ராத்திரிகளில் அம்மா எழுந்து உட்கார்ந்து, போர்வையை இழுத்து இழுத்து, எப்போது விடியும் என்று கேட்பாள். இரண்டு பேருக்கும் அதுதான் நினைவில் வந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அவர் சாமான்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.

மகள் எழுந்து போய் அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். செடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் கறுப்பாக, அழுகல் வாடையோடு வந்தது. இன்னொரு தடவை விட்டு, வேரைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தச் சின்ன மண்கரண்டியக் குடுங்கப்பா," என்றாள். "இதையாவது ஈரத்துலேருந்து எடுத்துடலாம்."

அவர் சாக்கை அவிழ்த்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய், அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.